எல்லை தாண்டாத உரிமம்

என் சித்தப்பா மகள் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் உரிமம் பெற்ற மனநல ஆலோசகர். எங்கள் திருப்பருத்திக்குன்றத்தில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவள். சில வருடங்களுக்கு முன் போனில் சொன்னாள்: "ஒன்றரை வருஷமா என்கிட்ட பேசிட்டிருந்த பொண்ணு வேற ஸ்டேட்டுக்குப் படிக்கப் போயிட்டாண்ணா. இனிமே வீடியோவுலகூட நான் அவளுக்கு கவுன்சலிங் தரக்கூடாது."

எனக்குப் புரியவில்லை. சென்னையில் எடுத்த டிரைவிங் லைசென்ஸ் டெல்லியிலும் செல்லுபடியாகிறதே?

அங்கே கணக்கு வேறு. ஆலோசனை பெறுபவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ, அங்கேதான் சிகிச்சை நடப்பதாகச் சட்டம் பார்க்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி வாரியம், தனி விதிகள். எந்தத் தேர்வு, மேற்பார்வையில் எத்தனை மணிநேரப் பயிற்சி, படித்த படிப்புக்கு 'கேக்ரெப்' அங்கீகாரம் உண்டா என்று முதலிலிருந்து கேட்பார்கள். இதைச் சரிசெய்யத்தான் மாநிலங்களுக்கிடையே ஓர் ஒப்பந்தம் வந்தது. 2021இல் ஜார்ஜியாவும் மேரிலாந்தும் முதலில் சேர்ந்தன. 2022இல் 10 மாநிலங்கள் ஆனதும் அது உயிர்பெற்றது. ஆனால் அந்தப் பெண் போன மாநிலம் அப்போது அதில் இல்லை.

நம் ஊரில் கதை தலைகீழ். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளுக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு உண்டு. அது நாடு முழுக்கச் செல்லும். மற்றபடி 'கவுன்சலர்' என்று போர்டு மாட்ட நெடுங்காலம் யாரும் எதுவும் கேட்டதில்லை. 2021இல் வந்த தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்கள் ஆணையச் சட்டம்தான் இவர்களையும் பதிவேட்டுக்குள் கொண்டுவருகிறது. மாநிலப் பதிவேடு ஒன்று, மத்தியப் பதிவேடு ஒன்று.

காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் ஊருக்குச் சொந்தம், சேலை எங்கே வேண்டுமானாலும் போகும். சரிகையில் சந்தேகம் வந்தால் உரசிப் பார்க்கலாம். மனசை அப்படி உரசிப் பார்க்க முடியாது. தப்பான ஆளிடம் போனால் திருப்பிக் கொடுத்து மாற்றவும் முடியாது. அதனால் வாசலில் காவல் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் ஒரே தகுதியை மாநிலத்துக்கு மாநிலம் திரும்பத் திரும்பச் சோதித்தால், அதற்கான விலையைக் கொடுப்பவர் ஆலோசகர் மட்டுமல்ல. ஒன்றரை வருடம் பேசி யாரோ ஒருவரை நம்பத் தொடங்கியவள், இன்னொரு முகத்தின் முன்னால் தன் கதையை முதல் வரியிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பலர் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த நாட்டில், பதிவேடு எழுதுகிறவர்கள் இதை இப்போதே யோசித்துவிடுவது நல்லது.