உறையும் கணினியும் உரிய மருந்தும்

நுழையும்முன்

வாங்கிய புதிதில் விரைந்து இயங்கிய கணினி, சில ஆண்டுகளில் தளர்ந்து, வேலையின் நடுவே அசைவற்று நின்றுவிடுகிறது. அதற்குப் பெரும்பாலோர் கூறும் மருந்து ஒன்றே: "ரேமைக் கூட்டுங்கள்; சரியாகிவிடும்." அம்மருந்து எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதை ஆராய்கிறது இவ்வுரைநடை.

தமிழக அரசு 2011ஆம் ஆண்டில் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியது. அதுவரை கணினியைத் தொட்டறியாத பல குடும்பங்களில் அதுவே முதற்கணினி. இத்தகைய வீடுகளில் அக்காள் பயன்படுத்திய கணினி தம்பிக்கு வருகிறது. அவனுக்குப் பின் தங்கைக்குச் செல்கிறது. கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகைப் படிவம், சான்றிதழ்களின் படி, தாத்தாவின் ஒளிப்படம் என அனைத்தும் அந்த ஒரு பெட்டிக்குள் குடியிருக்கின்றன. விண்ணப்பிக்க இறுதி நாள். படிவத்தின் பாதி நிரம்பியிருக்கும் வேளையில் சுட்டியை நகர்த்தினால் அம்புக்குறி நகர்வதில்லை. விசையை அழுத்தினால் எழுத்துத் தோன்றுவதில்லை. 'ஹேங் ஆகிவிட்டது' எனப் பேச்சு வழக்கில் குறிப்பிடப்படும் நிலை இதுவே. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்துடன் கடைக்குப் புறப்படும் குடும்பத்திற்கு, அச்செலவு வீணாகுமா, பயன் தருமா என்பது சிறிய வினாவன்று.

மேடையும் பரணும்

கணினியில் தகவல் தங்குமிடங்கள் இரண்டு. ஒன்று, ரேம் எனப்படும் முதன்மை நினைவகம், மற்றொன்று, வன்தட்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. வன்தட்டிலுள்ள திரைப்படங்களை நீக்குவதால் ரேமின் அளவு பெருகுவதில்லை.

இவ்வேறுபாட்டைச் சமையலறை எளிதில் விளக்கிவிடும். அடுப்பங்கரை மேடையே ரேம். சமைக்கும்போது கைக்கெட்ட வேண்டிய பொருள்கள் அதன்மேல் இருக்கும். பரணே வன்தட்டு. அண்டாவும் குண்டாவும் அங்கே ஆண்டுக்கணக்கில் தங்கும். சமைப்பவரே செயலி. மின்சாரம் நின்றால் மேடை துடைத்தாற்போல் வெறுமையாகிவிடும்; பரணில் உள்ளவை வைத்தது வைத்தபடி இருக்கும்.

மேடை நிரம்பிய பின்னும் பாத்திரம் வைக்க இடம் தேவைப்பட்டால் என் செய்வது? அப்போதைக்கு வேண்டாத ஒன்றைப் பரணில் ஏற்றிவிட்டு, வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம். கணினியும் அவ்வாறே செய்கிறது. மெய்நிகர் நினைவகம் எனப்படும் இவ்வுத்தி, இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் பயன்பாட்டுக்கு வந்த அட்லஸ் கணினியில் கையாளப்பட்டது. இன்றைய வீட்டுக் கணினிகளிலும் அது தொடர்கிறது.

எனினும், ஏணியில் ஏறி இறங்க நேரமாகும். ரேமிலிருந்து ஒரு தகவலைப் பெற ஏறத்தாழ 100 நானோ விநாடி போதும். சுழலும் வன்தட்டிலிருந்து பெற ஏறத்தாழ 10 மில்லி விநாடி வேண்டும். இடைவெளி ஓர் இலட்சம் மடங்கு. மேடையிலிருந்து எடுக்க ஒரு விநாடி ஆகுமெனில், பரணிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கும் மேலாகும். மேடை மிகச் சிறியதாக இருந்தால், சமைப்பவர் சமைக்கும் நேரத்தைவிட ஏணியில் கழிக்கும் நேரமே மிகுதியாகிவிடும். அடுப்பு எரிகிறது, ஆனால், உணவு வேகவில்லை. கணினி உறைந்ததுபோல் தோன்றும் நிலைகளுள் இதுவும் ஒன்று.

தெரிந்து தெளிவோம்

போதிய நினைவகமின்றி, தகவலை ஏற்றி இறக்குவதிலேயே கணினி தன் ஆற்றலைச் செலவிடும் நிலையை ஆராய்ந்து, பீட்டர் டென்னிங் என்னும் அமெரிக்க அறிஞர் 1968இல் கட்டுரை வெளியிட்டார். ஒரே டிரான்சிஸ்டரைக் கொண்டு ஒரு பிட்டைச் சேமிக்கும் நினைவகத்திற்கு ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு காப்புரிமை பெற்றதும் அதே ஆண்டில்தான்.

மருந்து பலிக்கும் இடம்

மேடை போதாமையே நோயெனில், ரேமைக் கூட்டுவது உற்ற மருந்து. அதற்கு அடையாளங்கள் உள்ளன. ஒன்றிரண்டு மென்பொருள்களுடன் நன்கு இயங்கும் கணினி, உலாவியில் பல பக்கங்களைத் திறந்தவுடன் திணறும். சிலவற்றை மூடியதும் தெளியும். விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பட்டியல் திறக்கும். கணினி திணறும் வேளையில் அப்பட்டியலில் நினைவகப் பயன்பாடு முழு அளவை நெருங்கி நின்றால், ஐயம் பெரும்பாலும் உறுதியாகிறது.

விண்டோஸ் 10 இயக்க அமைப்பின் 64 பிட் வடிவத்திற்குக் குறைந்தது 2 ஜி.பி. ரேமும், விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜி.பி. ரேமும் தேவை என மைக்ரோசாப்ட் நிறுவனம் வரையறுத்துள்ளது. இவை குடியேறுவதற்கான அளவே. வசதியாகக் குடித்தனம் நடத்துவதற்கான அளவு இதனினும் பெரிது.

மருந்து பலிக்காத இடம்

நினைவகத்தில் பாதி வெறுமையாக இருக்கும்போதே கணினி உறைகிறதா? அவ்வாறெனில் நோய் வேறு. அடுப்பில் தீ குன்றியிருக்கையில் மேடையை அகலப்படுத்திப் பயனில்லை.

மின்விசிறியில் தூசி அடைந்தால் செயலி சூடேறும். தன்னைக் காத்துக்கொள்ள அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்பம் எல்லை கடந்தால் கணினியே அணைந்துவிடும். மெத்தையின் மீது வைத்துப் பயன்படுத்தும் மடிக்கணினிக்கு இத்துன்பம் எளிதில் நேரும். தூசி நீக்குவதே இதற்கு மருந்து. சில வேளைகளில் ஏற்கெனவே உள்ள ரேம் அட்டையே பழுதுபட்டிருக்கலாம், பொருந்துமிடத்தில் தளர்ந்திருக்கலாம். அதன் அருகே மற்றோர் அட்டையைச் செருகினாலும் பழுது நீங்காது. கணினியில் புகுந்த தீநிரல் செயலியை ஓயாது உழைக்கச் செய்திருக்கவும் கூடும்.

இவை அனைத்தினும் கவலைக்குரியது வன்தட்டின் தளர்ச்சி. ஒரு கோப்பைத் திறக்கும்போதெல்லாம் கணினி நிற்கிறது. பெட்டிக்குள்ளிருந்து 'டக், டக்' என்னும் ஒலி எழுகிறது எனில், பரணே சரியத் தொடங்கியது எனக் கொள்ளலாம். அந்நிலையில் ரேம் வாங்கிப் பூட்டிவிட்டு நிம்மதியடைவோர், ஒருநாள் காலையில் சான்றிதழ்களையும் ஒளிப்படங்களையும் ஒருங்கே இழக்க நேரிடும். ரேமுக்கு விலையுண்டு, மறைந்த தாத்தாவின் ஒரே ஒளிப்படத்திற்கு விலையில்லை.

வாங்கும்முன் காண வேண்டியவை

ரேம்தான் வேண்டுமெனத் தெளிந்த பின்னரும் கணினிக்குப் பொருந்துவது எது எனக் காண வேண்டும். டி.டி.ஆர்.3 வகை அட்டை, டி.டி.ஆர்.4 வகைக்குரிய இடத்தில் பொருந்தாது. இரண்டிலும் வெட்டுக்குறியின் இடம் வேறு. சில மடிக்கணினிகளில் ரேம், தாய்ப்பலகையுடன் பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்டுவதற்கு இடமிராது. 32 பிட் இயக்க அமைப்பு நிறுவப்பட்ட வீட்டு விண்டோஸ் கணினியில் 4 ஜி.பி.க்கு மேல் ரேமைச் சேர்த்தாலும், மிகுதி பயன்படாமல் கிடக்கும்.

நினைவகம் போதிய அளவில் இருந்தும், திறப்பதற்கே நெடுநேரம் பிடிக்கும் பழைய கணினிக்கு மற்றொரு வழியுண்டு. சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் பகுதி ஏதுமற்ற எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தலாம். ஏணியே தேவைப்படாத தாழ்ந்த பரண் போன்றது அது. அதே பணம் இதில் கூடுதல் பயன் தரக்கூடும்.

ஆகவே, உறையும் கணினிக்கு முதற்பணி, அது இயங்கும்போதே தேவையான கோப்புகளைப் பென் டிரைவிலோ வேறு கணினியிலோ படியெடுத்து வைப்பது. அடுத்தது, அது எப்போது, எவ்வேலையின்போது உறைகிறது என ஒரு வாரம் தாளில் குறித்து வருவது. சூடேறிய பின் உறைகிறதா, பல பக்கங்களைத் திறந்தபின் உறைகிறதா, கோப்பைத் தொட்டவுடன் உறைகிறதா என்பதை அத்தாள் காட்டிக்கொடுக்கும். கடைக்குச் செல்லும் குடும்பம் பணத்துடன் அத்தாளையும் எடுத்துச் செல்லுமாயின், "என்ன வாங்கலாம்?" என்னும் கேள்விக்கு விடையில் பாதி அதன் கையிலேயே இருக்கும்.