ஆயிரத்துக்கு இன்னும் ரெண்டு கட்டு

ஆலங்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால், நம்ம தெரு கண்ணில் படுவதற்கு முன்னால் அதன் வாசம் வந்துவிடும். ஈரச்சாக்கில் ராத்திரி முழுக்கச் சுற்றிவைத்த பீடி இலையைக் காலையில் பிரிக்கும்போது, மழையில் ஊறிய சருகு மாதிரி ஒரு நெடி. அதன்மேல் புகையிலைத் தூளின் காரம். வெளியூர் ஆள் தெருமுனை திரும்பினால் மூணு தும்மலாவது போடாமல் தாண்டமாட்டார். ‘விருந்தாடி வந்திருக்கு’ என்று உள்ளே இருப்பவர்களுக்கு அதிலேயே தெரிந்துவிடும். நமக்கு மட்டும் தும்மல் வராது. அம்மா சேலையிலேயே அந்த வாசம்தானே.

வடக்கு வீட்டுத் திண்ணை உனக்கு மறந்திருக்காது. ஏழெட்டுப் பேர் சுவரில் சாய்ந்து கால்நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். மடியில் ஆளுக்கொரு சுளகு. தகரத் துண்டை இலைமேல் வைத்துக் கத்தரி ஓடுகிற சத்தம், சீரான நறுக் நறுக். நடுவில் இலங்கை வானொலி. பிடித்த பாட்டு வந்தால் கத்தரி கொஞ்சம் மெதுவாகும், விளம்பரம் வந்தால் வேகமெடுக்கும். தை மாசமென்றால் யாராவது அவித்த பனங்கிழங்கை முந்தியில் கொண்டுவருவார்கள். தூள் பட்ட கையாலேயே நார் உரித்துத் தின்போம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நமக்கு வாய்த்தது ஓரம் மடக்குகிற வேலை. சுற்றிப் போட்ட பீடியின் வாயை நகத்தால் அமுக்கி மூடவேண்டும். இருபத்தஞ்சு எண்ணினால் ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். நான் பெருக்கல் வாய்ப்பாடு படித்தது அந்தச் சுளகில்தான், வாத்தியாரிடம் இல்லை.

இலை மத்தியப் பிரதேசத்துக் காட்டிலிருந்து வருகிறது என்பார்கள். அந்த மரம் எப்படி இருக்கும் என்று தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. பூக்குமா, காய்க்குமா? நான் கேட்டதற்கு ஆச்சி, “காய்ச்சா நமக்கா தரப்போறான்?” என்றாள்.

சாயங்காலம் பீடிக்கடைக்குப் போகிற வரிசை. தலையில் சுளகு, கையில் பாஸ்புத்தகம். கணக்கப்பிள்ளை ஒரு கட்டை எடுத்து உருட்டிப் பார்ப்பார். பிடிக்கவில்லையென்றால் ‘கழிவு’ என்று ஒதுக்குவார். ஒதுக்கினது எங்கே போகும் என்று கேட்கக்கூடாது. அவர்கள் நிறுத்துக் கொடுத்த இலையில் ஆயிரம் சுற்ற முடியாது. ஓட்டை இலை, முத்தல் இலை போக மிஞ்சுவது பத்தாமல், கைக்காசு போட்டு வெளியில் இலை வாங்கித்தான் கணக்கை நிரப்புவார்கள். சனிக்கிழமைக் கூலியில் பாதி அப்படியே திரும்பிப் போய்விடும். 1948-இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பட்டியலில் பீடித்தொழிலும் இருந்தது என்பதை வெகுநாள் கழித்துப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். கூலி கூட்டிக் கேட்டால் கடையில் ஒரே பதில்தான்: “வீட்ல சும்மா இருக்க நேரத்துல சுத்துதிய, பொம்பளப்பிள்ளைய கல்யாணத்துக்குத்தான?” நம்ம அப்பாமார்களும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் திங்கள்கிழமை உலைக்கு அரிசி எதில் வந்தது என்று யாரும் சொல்லவில்லை.

பெண் பார்க்க வருகிறவர்கள் பாடத் தெரியுமா என்று கேட்ட ஊர் வேறே. நம்ம ஊரில், “நாளைக்கு எத்தனை போடுவா?” பிறகு, “அட்டை இருக்கா?” பி.எஃப். அட்டை உள்ள பெண் என்றால் நகையில் ஒரு பவுன் குறைத்துப் பேசலாம். வயசு என்ன என்பது கடைசிக் கேள்வி. 1978-இல் பெண்ணுக்குப் பதினெட்டு என்று சட்டம் மாறினது தெருவுக்குத் தெரியும். அதனால் பிள்ளைக்கு எத்தனை வயசு என்று யார் கேட்டாலும் பதினெட்டுதான், பதினஞ்சிலும் பதினெட்டு, இருபத்திரண்டிலும் பதினெட்டு.

வடக்கு வீட்டு அக்கா எட்டு வயசிலிருந்து சுற்றினவள். ஆனால் சின்னப்பிள்ளை பேரில் அட்டை போடமாட்டார்கள். அதனால் பத்து வருசம் அவள் விரல் சுற்றினதெல்லாம் அவள் அம்மா பேரில் ஏறியது. அவள் பேரில் அட்டை வந்தது பதினெட்டு முடிந்தபிறகு. அதற்குள் அவள் அப்பா பனையிலிருந்து விழுந்து இடுப்போடு படுத்துவிட்டார். வரன் வராமல் இல்லை. நான் பார்க்கவே மூணு பேர் வந்து காப்பி குடித்துப் போனார்கள். “தை பிறக்கட்டும்” என்பார் படுத்திருந்த மாமா. தை பிறக்கும், பனங்கிழங்கு வரும், போகும். நாளைக்கு ஆயிரத்து இருநூறு போடுகிற கையை எந்த வீடு லேசில் அனுப்பும்? பாவம், அவரைக் குத்தம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அப்போதெல்லாம் கல்யாணத்துக்கு பி.எஃப்.-இல் முன்பணம் எடுக்க ஏழு வருசம் சந்தா கட்டியிருக்கவேண்டும். தன் பங்கில் பாதி கிடைக்கும். தன் கல்யாணத்துக்கும் எடுக்கலாம், கூடப்பிறந்தவள் கல்யாணத்துக்கும் எடுக்கலாம். அக்கா இருபத்தஞ்சில் எடுத்தாள். நடுத்தங்கச்சி கழுத்தில் தாலி ஏறியது. கடைக்குட்டி எட்டாப்பு பாஸ். 1989-இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரில் கல்யாண உதவி வந்ததே, எட்டாப்பு படித்த ஏழைப்பெண்ணுக்கு 5,000 ரூபாய், அது அவளுக்குக் கிடைத்தது. அவளை எட்டு வரை படிக்கவைத்த அக்கா அஞ்சாப்போடு நின்றவள். கல்யாணப் பந்தியில் அக்காதான் பாயசம் ஊற்றினாள். ரெண்டு கரண்டி உனக்குக் கூடுதலாக ஊற்றினாளே, நினைவிருக்கா?

போன மாசம் போயிருந்தேன். தெரு முழுக்க சிமெண்டு. திண்ணைகளை இடித்து பைக் நிறுத்த இடம் பண்ணியிருக்கிறார்கள். அண்ணன் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள், கழுத்தில் அடையாள அட்டை, அவள் பேரிலேயே. வயசு இருபத்தேழு. யாரும் மறைத்துச் சொல்வதில்லை. போனில் கல்யாணப் பேச்சை எடுத்தேன். “சம்பளம் இன்னும் கொஞ்சம் ஏறட்டும் அத்தே” என்றாள். எனக்கு மாமாவின் தை மாசம் ஞாபகம் வந்து, பதில் சொல்லத் தெரியாமல் ஊர் மழையைப் பற்றிப் பேசினேன்.

அக்கா மட்டும் வாசல்படியில் இருந்தாள், தனியாக. ரேடியோ இல்லை. வெள்ளெழுத்துக் கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கிறது, விரல் மட்டும் பழைய வேகம்தான். நிமிர்ந்து பார்க்காமலே ஆளைத் தெரிந்துகொண்டாள்.

“வாட்டி. உக்காரு. ஆயிரத்துக்கு இன்னும் ரெண்டு கட்டுதான்.”

சுளகு ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பீடியை எடுத்தேன். நகம் தானாக வாயை அமுக்கி மடக்கியது. இன்னொன்று. மூணாவதை எடுக்கும்போது எனக்குத் தும்மல் வந்தது.