நூல் அடித்த தரை

திங்கள்

வேலையிட விபத்துக் காப்புறுதிச் சான்றிதழ் வந்துவிட்டது. ஒன்ராறியோவில் 2013 முதல் கட்டட வேலை செய்கிறவர், தனி ஆளாகத் தொழில் நடத்தினாலும், இதை எடுத்தே ஆகவேண்டும். வீட்டுக்காரரோடு நேரே பேசி, வீட்டுத் திருத்த வேலை மட்டும் செய்கிறவருக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கில்தான் ஸ்காபரோவில் இவ்வளவு காலமும் காபெற் போட்டுப் பிழைத்தேன். இனி ஒஃபிஸ் கட்டடங்கள். சான்றிதழும் இரும்புமூக்குச் சப்பாத்தும் இல்லாவிட்டால் வாசலிலேயே மறித்துவிடுவார்கள்.

செவ்வாய் இரவு

நோர்த் யோர்க்கில் ஒரு மாடிக்கட்டடம். பகலில் ஒஃபிஸ் நடப்பதால் இரவில்தான் சரக்கு லிஃப்ற் எங்களுக்கு.

வீட்டில் 12 அடி அகலச் சுருளைக் கொண்டுபோவோம். சுவரோரம் முள்ளுச்சட்டம் அடித்து, மெத்தை விரித்து, காபெற்றை முழங்காலால் இடித்து இடித்து இழுத்து மாட்டுவோம். இந்தத் தொழில்காரரின் முழங்காலைப் பார்த்தாலே எத்தனை வீடு என்று தெரியும். தரை கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தாலும் மெத்தை விழுங்கிவிடும். இங்கே மெத்தையே கிடையாது. கொங்கிறீற், அதன்மேல் பசை, அதன்மேல் 50 சென்ரிமீற்றர் சதுரத் துண்டுகள். பழைய பசைக் கட்டி ஒன்று மிஞ்சினாலும் யன்னல் வெளிச்சத்தில் எழும்பி நின்று காட்டிக்கொடுக்கும். விடியும்வரை சுரண்டினோம். ஒரு துண்டுகூடப் பதிக்கவில்லை. ஆனால் வேலை பாதி முடிந்தமாதிரித்தான்.

புதன்

ஈரச் சோதனை. கொங்கிறீற்றின் கனத்தில் 40 வீத ஆழத்துக்குத் துளைபோட்டுக் கருவியை இறக்கி, 24 மணித்தியாலம் காத்திருக்கவேண்டும். எனக்கு விடுமுறை.

வியாழன் இரவு

சுவரோரத்தில் முதல் துண்டை வைக்கக் குனிந்தேன். மேற்பார்வை பார்க்கிற தம்பி ஓடிவந்தான்.

"அண்ணை, சுவரை நம்பாதேங்கோ. நடுவில இருந்து வாங்கோ."

நடுவில் குறுக்கும் நெடுக்குமாக நூல் அடித்து, 3, 4, 5 அடி அளந்து மூலைமட்டம் பார்த்தோம். நடுக்கோட்டில் ஒரு மயிரிழை விலகினால், அறையின் அந்தத் தொங்கலில் அது விரற்கடையாகும். ஓரத் துண்டுகள் பாதிக்குக் குறையாமல் விழும்படி கோட்டைச் சற்றுத் தள்ளினோம்.

பசை பால்போல் வெள்ளையாகத்தான் போகும். பிறகு மெல்ல மெல்லத் தெளியும். விரல் வைத்தால் பிடிக்கவேண்டும், விரலோடு வரக்கூடாது. அதற்குமுன் அவசரப்பட்டுப் பதித்தால், பிறகு துண்டைக் கழற்ற முடியாதபடி இறுகிவிடும். கோப்பி ஊற்றுப்பட்டால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பதற்காகத்தானே துண்டுக் காபெற் வாங்குகிறார்கள்! துண்டின் முதுகில் அம்புக்குறி இருக்கிறது. ஒன்றை நெடுக்காக, அடுத்ததைக் குறுக்காகத் திருப்பிவைத்தோம். இரண்டு மூன்று பெட்டிகளில் இருந்து கலந்தெடுத்தால் நிறவேறுபாடு தெரியாது.

வீட்டு வேலையில் யாராவது தேத்தண்ணி கொண்டுவருவார்கள், கூடவே ஆயிரம் ஆலோசனையும். இங்கே இரண்டும் இல்லை. ஆலோசனை இல்லாதது நிம்மதி.

சனி

பில் அனுப்பினேன். கட்டட உரிமையாளருக்கு 28 நாள் தவணை. காசு ஒப்பந்தக்காரர் கைக்கு வந்தபின் எனக்குத் தர இன்னும் 7 நாள். 2019 முதல் சட்டம் அப்படி. அதிலும் 10 வீதத்தைச் சட்டப்படி பிடித்துவைப்பார்கள். வீட்டுக்காரர் அன்று பின்னேரமே எண்ணித் தருவார்.

மார்க்கம் நகரில் ஒரு அக்கா படிக்கட்டுக்குக் காபெற் போடக் கேட்டிருந்தார். நாளைக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.