இரு கடற்கரை ஊர்கள்

மேற்கே வானளாவிய மலை. அதன் அடியில் மாந்தோப்பும் பருத்திக் காடும். இவற்றையே நாள்தோறும் காண்போர்க்குக் கடலின்மீது ஆசை மிகுதல் இயல்பேயாம். இராசபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டியில் வாழும் ஒரு குடும்பத்தாருக்கும் அவ்வாசை நெடுநாளாக இருந்துவந்தது. தந்தை நூற்பாலைத் தொழிலாளி. ஒரு கோடையில் அவருக்கு இரண்டு நாள் விடுமுறை கிடைத்தது. கையிலிருந்த பொருளோ ஓரூரில் ஓரிரவு தங்கி மீள்வதற்கே போதியதாயிருந்தது. ஆகவே, செல்லத்தக்க ஊர் திருச்செந்தூரா, மணப்பாடா என்னும் வினா எழுந்தது.

இரண்டும் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள். சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலியை அடைந்து, அங்கிருந்து கிழக்கே சென்றால் திருச்செந்தூர் வரும். குலசேகரன்பட்டினத்தைக் கடந்து மேலும் தெற்கே சென்றால் மணப்பாடு வரும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவே உண்டு. "இரண்டையும் கண்டு வரலாமே!" எனத் தோன்றலாம். ஆயின், எண்பது வயதை நெருங்கிய பாட்டியாரும் உடன்வர இருந்தார். முழங்கால் வலியால் வருந்தும் அவரைப் பலமுறை பேருந்தில் ஏற்றி இறக்குதல் அரிது.

ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் மூத்த மகள், குறிப்பேட்டின் நடுவே ஒரு கோடிட்டு, இரண்டு ஊர்களின் சிறப்புகளையும் எழுதலானாள். மணப்பாட்டின் பக்கம் விரைவில் நிரம்பியது. அங்கே கடலோரத்தில் ஒரு மணற்குன்று எழுந்து நிற்கிறது. அதன்மேல் 1581ஆம் ஆண்டில் அமைந்த திருச்சிலுவை ஆலயம் விளங்குகிறது. 1542ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாக மக்கள் போற்றும் குகையும் அங்குண்டு. கருமேனியாறு கடலொடு கலக்கும் காட்சியும், மீனவர் படகுகள் கரைசேரும் காட்சியும் கண்ணுக்கு விருந்தாகும். பனையோலையால் அழகிய பெட்டிகள் முடையும் மகளிரும் அவ்வூரில் உளர். கூட்டமும் குறைவு. தம்பியும் "மணப்பாடே நன்று" என்றான்.

திருச்செந்தூரின் பக்கத்தில் அவள் எழுதியவை சிலவே. முருகப்பெருமானின் ஆறுபடை வீடுகளுள் ஒன்று. கோயில் அலைவாயிலேயே அமைந்துள்ளது. திருவைகுண்டத்திற் பிறந்த குமரகுருபரர், ஐந்து வயதுவரை பேசாதிருந்து, இங்கே பேசும் ஆற்றல் பெற்றுக் கந்தர் கலிவெண்பா பாடினார் என்பர். இவற்றின் கீழ், "கூட்டம் மிகுதி" என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

முடிவு ஏறக்குறைய ஆகிவிட்டது. எனினும், மரியாதை கருதிப் பாட்டியாரிடமும் ஒரு சொற் கேட்டாள். "எந்த ஊரானால் என்ன, தாயே! நீங்கள் மகிழ்ந்தால் எனக்குப் போதும்" என்றார் அவர்.

அன்று மாலை, பயணத்திற்கு வேண்டிய துணிகளை எடுக்கப் பாட்டியாரின் பெட்டியைத் திறந்த சிறுமி, அதன் அடியில் மஞ்சள் துணி முடிப்பு ஒன்றைக் கண்டாள். அதனுள் நாணயங்கள் இருந்தன. அவற்றுட் பல கால் ரூபாய்கள். 2011ஆம் ஆண்டிலேயே செல்லாதனவாகிவிட்டவை. தாயிடம் வினவியபோது உண்மை விளங்கிற்று. தந்தை குழந்தையாயிருந்த காலத்துக் கடுங்காய்ச்சலால் துன்புற்றாராம். "பிள்ளை பிழைத்தால் செந்தூர்க் கடலில் நீராடிக் காணிக்கை செலுத்துவேன்" எனப் பாட்டியார் வேண்டிக்கொண்டாராம். பிள்ளை பிழைத்தார். ஆனால், ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு செலவு வந்து வழிமறித்தது. அம்மூதாட்டி கடலைக் கண்டதே இல்லை.

சிறுமி நெடுநேரம் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஊர் அழகியது என்று ஆராய்ந்தாளேயன்றி, யாருக்காகச் செல்கிறோம் என்று அவள் எண்ணவில்லை. மணப்பாட்டுக் குன்று அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். பாட்டியாரின் கால்களோ அடுத்த ஆண்டு நடக்குமா? அவள் எழுந்து சென்று, "அப்பா, திருச்செந்தூருக்கே போவோம்" என்றாள். தம்பி முகம் வாடினான். அவள் அம்முடிப்பைக் காட்டியதும் அமைதியானான்.

மறுவாரம் வைகறையில் அவர்கள் செந்தூர்க் கரையில் நின்றனர். மகன் ஒரு கையையும் பேத்தி ஒரு கையையும் பற்ற, பாட்டியார் முழந்தாளளவு நீரில் நின்று முதன்முறையாகக் கடலைக் கண்டார். ஒரு சொல்லும் பேசவில்லை. அலை வந்து காலைத் தொட்டபோதெல்லாம் கைகூப்பினார்.

பின்னர் நாழிக்கிணற்றிற்குச் சென்றனர். கடலுக்கு மிக அண்மையில் இருந்தும் அச்சிறு கிணற்று நீர் உவர்க்கவில்லை. சிறுமி வியந்து காரணம் கேட்டாள். "மழைநீர் மணலில் இறங்கித் தங்குகிறது. உப்புநீரைவிட நன்னீர் எடை குறைந்தது, ஆதலால் அது மேலே நிற்கிறது" என்று தந்தை விளக்கினார்.

காணிக்கை செலுத்தும்போது, செல்லாத நாணயங்களுக்கு ஈடாகத் தம் பணத்தைத் தந்தை சேர்த்தார். பழைய முடிப்பைப் பேத்தி பத்திரப்படுத்திக்கொண்டாள். ஊர் திரும்பியபின், குறிப்பேட்டின் மணப்பாட்டுப் பக்கத்தின் கீழே, "அடுத்த கோடையில்" என்று எழுதினாள். திருச்செந்தூரின் பக்கத்தில் மேலும் எழுத ஒன்றும் அவளுக்குத் தோன்றவில்லை. "கூட்டம் மிகுதி" என்னும் வரியை மட்டும் அடித்துவிட்டாள்.