பெயரில் பிறந்த சீர்

யாப்பிலக்கணத்தை நூற்பாவிலிருந்து தொடங்கியது நம் பிழை. வீட்டுப் பிள்ளைகள் நால்வரும் மூன்றாம் நாளே ஏட்டை மூடிவிட்டனர். பிறகு அவர்தம் பெயர்களையே அசை பிரிக்கச் சொன்னோம். மூஸா, நேர் நேர், ஆகவே தேமா. கதீஜா, நிரை நேர், புளிமா. பாத்திமா கூவிளமானாள். அபூபக்கர் மட்டும் ஈரசைக்குள் அடங்காமல் புளிமாங்காயாக நின்றான். சிரிப்பு ஓய வெகுநேரமாயிற்று. 'அபுபகர்' என்றெழுதினால் கருவிளமாகிவிடுமே என்று அவனே கண்டுரைத்தான்! ஓசை மாறினால் சீர் மாறும் என்பதை நாம் சொல்லித் தரவில்லை. தளையும் தொடையும் மெல்ல வரட்டும்.

அந்திப்பொழுதில் அவர்களுடைய வாப்பும்மா உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை இராகமிட்டுப் பாடுவார். நெடுங்காலமாக வீட்டில் எவரும் நின்று கேட்டதில்லை, நாமுந்தான். இப்போது பிள்ளைகள் அருகமர்ந்து விரல்விட்டுச் சீர் எண்ணுகின்றனர். எண்ணிக்கை பிசகினால், மறுபடி பாடச் சொல்கின்றனர்.