ஒரு சிறு கொக்கியும் வாப்பாவின் குரலும்



அரிசி மணியளவு பிளாஸ்டிக் கொக்கி ஒன்று உடைந்ததால் ஒரு குடும்பமே கலங்கி நின்றது என்றால் நம்புவீர்களா? எங்கள் இல்லத்தில் அதுதான் நடந்தது.

வளைகுடாவில் பணியாற்றிய என் காக்கா, 2009-ஆம் ஆண்டு விடுமுறையில் தூத்துக்குடிக்கு வந்தபோது ஒரு சிறிய டிஜிட்டல் காமிரா கொண்டுவந்தார். இரண்டு பென்சில் பாட்டரிகளில் இயங்குவது. மறு ஆண்டு கடற்கரையில் வாப்பாவை அதில் படம் பிடித்தோம். அன்று காமிராவில் நினைவட்டை இல்லை. எனவே படங்கள் அதன் உள்நினைவகத்திலேயே பதிந்தன. சில மாதங்களில் வாப்பா வபாத்தானார்கள். பின்னர் கைபேசிகள் வந்தன; காமிரா அலமாரியில் உறங்கிற்று.

சென்ற ஆண்டு உம்மா திடீரென்று, "வாப்பா சத்தத்தை ஒரு தடவை கேட்டாப் போதும்மா" என்றார்கள். காமிராவை எடுத்தேன். பாட்டரிகள் கசிந்து உள்ளே உறைந்திருந்தன. மூடியை வலிந்து திறந்தபோது கொக்கி முறிந்தது. மூடி இறுக மூடாவிட்டால் பாட்டரி முனைகள் தொடா, காமிரா உயிர்பெறாது. நினைவட்டையென்றால் கழற்றிப் படித்துவிடலாம். உள்நினைவகமோ பலகையோடு பற்றவைக்கப்பட்டது. கடைக்காரர், "உதிரிபாகம் கிடைக்காது, எறிந்துவிடுங்கள்" என்றார். எப்படி எறிவேன்?

முதலில் துருவைக் கவனித்தேன். பஞ்சு சுற்றிய குச்சியை வினிகரில் லேசாக நனைத்து, முனைகளிலிருந்த வெண்படிவைத் துடைத்து, நன்றாக உலர்த்தினேன். உப்புக்காற்று வீசும் நம் ஊரில் பாட்டரியை உள்ளேயே விட்டுவைப்பது பெரும் பிழை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்துக் கொக்கியைப் பசையால் ஒட்டினேன். ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பாட்டரிகளை ஸ்பிரிங்குகள் ஓயாமல் வெளியே தள்ளுகின்றன. அந்த விசையைப் பசை தாங்குமா?

அப்போது காமிராவின் அடியில், முக்காலியில் பொருத்துவதற்கான திருகுத் துளை கண்ணில் பட்டது. மூடியும் அதே அடிப்பக்கத்தில்தான் இருந்தது. அத்துளை கால் அங்குல அளவினது. அங்குலத்துக்கு 20 புரிகள். 6 மில்லிமீட்டர் போல்ட் அதற்குப் பொருந்தாது. இரும்புக்கடையில் கால் அங்குல போல்ட் என்றே கேட்டு வாங்க வேண்டும். பழைய அலுமினியப் பட்டையை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையில் துளையிட்டேன். மறுமுனை மூடியை அழுத்துமாறு வைத்து, இடையே ரப்பர் துண்டு ஒன்றைக் கொடுத்துப் போல்டை முடுக்கினேன். துளையின் ஆழம் மிகக் குறைவு. நீண்ட போல்ட் உள்ளுறுப்பைக் குத்திவிடும். ஆதலால் வாஷர்களைச் சேர்த்து நீளத்தைக் குறைத்துக்கொண்டேன்.

புதிய பாட்டரிகளிட்டுப் பொத்தானை அழுத்தினேன். லென்சு மெல்ல வெளியே வந்தது!

நான்கு படங்களும் ஒரு சிறு அசைபடமும் இருந்தன. தூத்துக்குடியில் 1961-இல் நடைபெற்ற முத்துக்குளிப்பே இக்கடலில் இறுதியானது. அதைச் சிறுவனாகக் கரையில் நின்று பார்த்த வாப்பா, அசைபடத்தில் பேரப்பிள்ளைகளிடம் சொல்கிறார்கள்: "கீழே இறங்குறவனுக்கு மேலே கயிறு பிடிக்கிறவன்தான் உசிரு. அவன் கவனம் தப்பக் கூடாது." அவ்வளவுதான், சில விநாடிகள். உம்மா முக்காட்டின் நுனியால் கண்களைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றார்கள்.

அன்றே கம்பிவழி அனைத்தையும் கணினிக்கு மாற்றி, பிரதியொன்றைக் காக்காவுக்கும் அனுப்பினேன்.

வாசகர்களே, ஓர் எச்சரிக்கை: காமிராவின் உடலைப் பிரிக்காதீர்கள். பளிச்சொளி விளக்குக்கான மின்தேக்கி, பாட்டரியை எடுத்த பின்னும் சுமார் 300 வோல்ட்டைத் தாங்கி நிற்கக்கூடும். வெளியிலிருந்து செய்யத்தக்கதை மட்டும் செய்யுங்கள்.

உங்கள் அலமாரியிலும் அப்படியொரு காமிரா உறங்குகிறதா? இன்றே பாட்டரியைக் கழற்றுங்கள், உள்ளிருப்பதைப் பிரதியெடுங்கள். கயிற்றின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.