காய்ச்சலும் நாட்டாமையும்

போன ஐப்பசி மழையில் ஒன்பது நாள் படுத்துவிட்டேன். டெங்கு என்று பயந்தோம். ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. சாதாரண வைரஸ் காய்ச்சல்தான், ஆனால் எழுந்து நின்றால் கொளவாய் ஏரியே தலைக்குள் தளும்புகிற மாதிரி இருந்தது.

நான்காம் நாள், எங்கள் வாசிப்பு வட்டத்துத் தம்பி ஒருவர் போன் செய்தார். "உடம்பு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டவர் கொஞ்சம் நிறுத்தி, "பின்னால என்ன சத்தம்?" என்றார். லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்த மறந்திருந்தேன்.

"அக்கா... நாட்டாமையா?"

ஆமாம் தோழர்களே, நாட்டாமைதான். 1994ஆம் ஆண்டுப் படம், கே.எஸ். ரவிக்குமார் இயக்கியது, சரத்குமாருக்கு இரட்டை வேடம். இந்தப் படத்தை வைத்து மாணவர்களுக்கு இரண்டு முறை வகுப்பெடுத்திருக்கிறேன். ஆண்ட பரம்பரைப் பெருமையைத் துண்டும் சொம்புமாக அது எப்படி அழகுபடுத்துகிறது, ஊரைவிட்டு ஒதுக்கிவைப்பதை எப்படி நீதியாகக் காட்டுகிறது, அந்த ஊரில் சேரி எங்கே போனது என்றெல்லாம் பேசியிருக்கிறேன். பேசிய ஒவ்வொரு சொல்லிலும் இன்றைக்கும் உறுதியாக இருக்கிறேன். ஆனாலும் 102 டிகிரியில் அதே படத்தை மூன்று தடவை பார்த்தேன். கவுண்டமணி செந்திலைத் தகப்பனென்று கூப்பிடும்போதும், பெண் பார்க்கும் இடத்தில் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து மிக்சர் தின்னும்போதும் சிரித்துச் சிரித்து இருமல் வந்தது.

இப்படி எல்லோருக்கும் ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு தோழர் கடுமையான கடவுள் மறுப்பாளர். காய்ச்சல் வந்தால் இராம நாராயணன் படங்களைத்தான் தேடுவார். பாம்பும் யானையும் சேர்ந்து வில்லனைப் பழிவாங்கினால்தான் அவருக்கு வியர்த்து இறங்கும்.

நல்ல படம் பார்க்கலாமே என்றார் தம்பி. பரியேறும் பெருமாளைக் காய்ச்சலில் என்னால் பார்க்க முடியாது. தண்டவாளத்தில் கருப்பியைப் பார்த்த உடனே, போன மாதம் வந்த புகார், காவல் நிலையத்தில் எழுதிக்கொள்ள மறுத்த முதல் தகவல் அறிக்கை, அந்தப் பையனுடைய அம்மாவின் முகம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எனக்கு அது வேலை. படுத்திருக்கிற உடம்புக்கு வேலை வேண்டாம்.

நாட்டாமை மட்டும் ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது ஒரு ஜன்னல் வழியாக. திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். அப்போது காலனியில் ஒரு வீட்டில்கூட டிவி கிடையாது. ஊர்த்தெருவில் ஒரு வீட்டின் பின்பக்க ஜன்னலுக்கு வெளியே ஏழெட்டுப் பிள்ளைகள் நிற்போம். உள்ளே போகக்கூடாது, கம்பியைப் பிடிக்கக்கூடாது. குள்ளமாக இருந்ததால் எனக்குப் பாதி படம் முன்னால் நிற்கிறவளின் பின்னல்தான். தூறல் விழுந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். நாட்டாமை அன்றைக்கும் சாத்தினார்கள். தீர்ப்பு சொல்ல ஆரம்பித்த நேரம். சாத்திய கதவுக்கு வெளியே நின்று குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம், நனைந்தபடி. அதற்கு அடுத்த நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா நெற்றியில் பத்துப் போட்டுவிட்டு நாற்று நடப் போனாள். கூலி போய்விடும்.

சமூகவியலில் டால்காட் பார்சன்ஸ் என்பவரைப் படித்திருப்பீர்கள். நோயாளி என்பது ஒரு சமூகப் பாத்திரம் என்று 1951இல் எழுதினார். நோயாளிக்கு அன்றாடக் கடமைகளிலிருந்து விலக்கு உண்டு, பதிலுக்கு அவர் மருத்துவரை நாடிக் குணமாக முயல வேண்டும். எம்.ஏ. தேர்வில் இதற்குப் பத்து மதிப்பெண் வாங்கினேன். எழுதும்போதே அம்மா நினைவுதான். அந்தப் பாத்திரத்தில் நடிக்க அவளுக்கு யாரும் ஒரு நாளும் வாய்ப்பு கொடுத்ததில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதிகள் பெருகியபோது அம்மா வயலைவிட்டு ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போனாள். ஒப்பந்தக்காரர் மூலமாகத்தான். 2006இல் தமிழ்நாடு முழுக்கச் சிக்குன்குனியா பரவியதே, அப்போது அவளுக்கு முட்டியும் கணுக்காலும் வீங்கிவிட்டன. மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். படுத்திருந்த இரண்டு நாளுக்கும் சம்பளம் பிடித்தார்கள்.

இந்த இடத்தில் மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில்தான், 1944இல், தொழிலாளர் நோய்க் காப்பீடு பற்றிய பேராசிரியர் அடார்க்கரின் அறிக்கை வந்தது. அதன் வழியே 1948இல் வந்ததுதான் இ.எஸ்.ஐ. சட்டம். இ.எஸ்.ஐ. திட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற விடுதிக்கும் பொருந்தும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பொருந்தும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, அரையாண்டில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், நோயில் படுக்கும்போது கூலியில் 70 சதவீதம் கிடைக்கும், ஆண்டுக்கு 91 நாள் வரை. சிலையில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற அம்பேத்கரைத்தான் நமக்குத் தெரியும். ஒரு தொழிலாளி காய்ச்சலில் கால் நீட்டிப் படுப்பதற்கும் அவர் காலத்து வேலை ஒன்று பின்னால் இருக்கிறது. அம்மாவுக்கு இ.எஸ்.ஐ. எண் இருக்கிறது என்று பல வருடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் வேலைக்கு வந்த பிறகு போய்க் கேட்டேன். அப்படி ஒரு எண்ணே இல்லை.

அம்மா படம் பார்த்ததெல்லாம் அந்த அறைகளில்தான். விருந்தினர் டிவியை அணைக்காமல் கடலுக்குப் போயிருப்பார்கள். படுக்கை விரிப்பை மாற்றுகிற பத்து நிமிடத்தில் பார்க்கிறது எவ்வளவோ அவ்வளவு. அடுத்த அறையில் வேறு படம் ஓடும். அரசாங்கம் கொடுத்த இலவசக் கலர் டிவி எங்கள் வீட்டுக்கும் வந்தது, 2008 வாக்கில். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் விடுதியில் கூட்டம் அதிகம். இரவில் வந்தால் படம் ஆரம்பிப்பதற்குள் தூங்கிவிடுவாள்.

அந்தப் படத்தின் தேதியும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று, இதே செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள். ஆட்சியர் டிரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையை ஒட்டி 1892இல் ஒதுக்கப்பட்ட நிலத்தை, நூறு ஆண்டு கழித்துத் திரும்பக் கேட்டதற்கு. நாட்டாமை அந்தத் தீபாவளிக்குத்தான் வெளிவந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. செங்கல்பட்டுத் தியேட்டர்களில் அப்போது கைதட்டியவர்களில் நம் ஆட்களும் இருந்திருப்பார்கள். ஒருவன் உட்கார்ந்து ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லி, அது அன்றைக்கே நடந்தும் விடுகிறது என்றால் யாருக்குத்தான் கேட்க ஆசையாக இருக்காது? ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மனுவோடு நிற்கிற எனக்கும் அது இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

ஏழாம் நாள் அம்மா கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். வந்ததும் திட்டு.

"ஒடம்பு முடியாதவ கண்ண மூடிக்கினு படுக்காம, இன்னாடி படம் பாத்துக்கினு கெடக்குற?"

"நீயும் வந்து படும்மா."

முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பக்கத்தில் படுத்தாள். லேப்டாப்பை இரண்டு பேருக்கும் நடுவில் வயிற்றின்மேல் வைத்தேன். ஊர்விலக்குத் தீர்ப்பு வரும்போது, "இவனுங்க ஒதுக்கிவெச்சா என்னாவாம், நம்மள எப்ப சேத்துக்கினானுங்க" என்றாள். கவுண்டமணி வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விடுதியில் சத்தம் வராமல் சிரித்த பழக்கம்.

இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து அணைக்கப் போனேன்.

"அணைக்காத. இந்த எடத்த நான் பாத்ததே இல்ல. கொஞ்சம் பின்னால வுடு."